பச்சையம்மாளைத் தேடிப் போன பேட்டரி வண்டி

எட்டுப் போடத் தெரியாதவர்களுக்கு வண்டி விற்பதுதான் அப்போது என் வேலை. 2008 ஜனவரியில் ஆம்பூர் பைபாஸ் ஓரமாக இருந்த ஒரு பேட்டரி வண்டி ஷோரூமில் சேர்ந்திருந்தேன். கணியம்பாடிப் பக்கத்தில் எங்கள் தெருவில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். மகன் டை கட்டிக்கொண்டு வேலை பார்க்கிறான் என்று என் அம்மா களை எடுக்கப் போகிற நிலத்திலெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நாங்கள் விற்ற வண்டி இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓடாது. ஆகவே லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட முடியாமல் திரும்பியவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர்.

எப்சி அக்காவும் அப்படி வந்தவர்தான். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பெண்கள் உள்ளே நுழைந்தார்கள். இரண்டு பேர் கழுத்திலும் ஷூ கம்பெனியின் அடையாள அட்டை. ஒருவர் பர்தா அணிந்திருந்தார். இன்னொருவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. முழங்கையில் புதிதாக ஒட்டிய பிளாஸ்திரி.

“லைசென்ஸ் வேணாம்னு போர்டுல போட்டிருக்கியே, நெசமா தம்பி?” என்றார் பிளாஸ்திரிக்காரர்.

“நெசம்தான் மேடம்.”

“எட்டுப் போட வேணாம்?”

“வேணாம் மேடம்.”

பர்தா அணிந்தவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நேத்து எட்டுப் போடப் போய் தரையில படுத்துட்டா தம்பி. இன்ஸ்பெக்டரு கேக்கறாரு, ஏம்மா எட்டுப் போடச் சொன்னா பூஜ்ஜியம் போட்டுட்டு வுழுந்துட்டியேன்னு.”

“நீ கம்முனு இருடி நசீமா. தம்பி, ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்ளோ தூரம் போவும்?”

“அறுபது கிலோமீட்டர் மேடம்.” கம்பெனி தந்த காகிதத்தில் அப்படித்தான் அச்சிட்டிருந்தார்கள்.

“ஒடுகத்தூர் பக்கம் போய்ட்டு வந்துடலாமா?”

“தாராளமா.”

“நீ இன்னா படிச்சிருக்கே?”

“பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி.”

“அப்போ பேட்டரியைப் பத்தி நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, நீல நிற வண்டி ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். இருக்கையின் தையலை விரலால் நீவிப் பார்த்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. “இங்க ஒரு தையல் வுட்டுருக்கு. வேற சீட் போட்டுக் குடு.”

அவர் காட்டிய இடத்தை நான் குனிந்து தேடினேன். வெகுநேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. 1991-லிருந்து அவர் ஷூ கம்பெனியில் ஜோடி பார்க்கிறவர். வெட்டித் தைத்த மேல்தோல்கள் குவியலாக வரும். அதிலிருந்து இடதுக்கு ஏற்ற வலதை எடுத்துச் சேர்க்க வேண்டும். நிறம், தோலின் ரேகை, தையல் மூன்றும் ஒத்துப்போனால்தான் ஜோடி. பக்கத்து மேசையில் அதே வேலை பார்ப்பவர் நசீமுன்னிசா. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

ஒடுகத்தூருக்கு ஏன் போக வேண்டும் என்பதை அன்று நான் கேட்கவில்லை. பிறகுதான் தெரிந்தது.

எப்சி அக்காவின் குடும்பத்தில் ஒரு வழக்கம். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் அண்ணன் கிருபானந்தம் வீட்டில் எல்லோரும் குடும்ப ஜெபத்துக்குக் கூடுவார்கள். கிருபானந்தம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச் கமிட்டியிலும் இருக்கிறார். காலமான முன்னோர்களின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாகப் படிக்க, மற்றவர்கள் “ஸ்தோத்திரம்” என்பார்கள். முதல் பெயர் எப்போதும் ஞானமுத்து.

ஞானமுத்து இவர்களுடைய கொள்ளுத்தாத்தா. ஒடுகத்தூர் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமத்தில் கன்னியப்பனாகப் பிறந்தவர். மனைவி பச்சையம்மாள் இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோனார். கன்னியப்பன் மூத்த மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆம்பூருக்கு நடந்து வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் தோட்டவேலை கிடைத்தது. ஞானஸ்நானம் எடுத்து ஞானமுத்து ஆனார். கிராமத்தின் பெயரைப் பிள்ளையிடம்கூட அவர் சொல்லவில்லை. ஏரிக்கரை மேலே ரோடு போகிற ஊர் என்பது மட்டும் வீட்டில் எப்படியோ தங்கிவிட்டது.

2007 டிசம்பர் ஜெபத்தில் எப்சி அக்காவின் மகள் கெசியா குறுக்கிட்டாள். வேலூரில் நர்ஸ் வேலை. அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

“மாமா, தாத்தா பேரு படிக்கறீங்க. அந்தப் பாட்டி பேரை மட்டும் ஏன் வுட்டுட்டீங்க?”

“அவங்க ஞானஸ்நானம் வாங்கலம்மா. எங்க அடக்கம் பண்ணாங்கன்னுகூட யாருக்கும் தெரியாது.”

“அவங்க இல்லாம நாம மட்டும் வானத்துலேர்ந்து வுழுந்தமா?”

எப்சி அக்காதான் கேட்டார்: “எங்க அடக்கம் பண்ணாங்கன்னு நான் கண்டுபுடிச்சா, அடுத்த வருஷம் படிப்பியா அண்ணா?”

“கல்லறையைக் காட்டு. முதல் பேரா படிக்கறேன்.”

விளையாட்டாகச் சொன்னார் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். எப்சி அக்கா அப்படி நினைக்கவில்லை. ஏரிக்கரை ஊர்களுக்கெல்லாம் பஸ் எப்போது வரும், எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே வண்டி. ஆகவே எட்டு. ஆகவே எங்கள் ஷோரூம்.

அவருடைய கணவருக்கு ஜோலார்பேட்டையில் ரயில்பாதை வேலை. வண்டியை முதன்முதலாக வீட்டு வாசலில் பார்த்தபோது அவர் சொன்னாராம்: “நீ இதுல கெளம்பு. நான் தண்டவாளத்துல நடந்தே உனக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடறேன்.”

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆராதனை முடிந்ததும் எப்சி அக்கா கிளம்பிவிடுவார். வண்டியின் முன்கூடையில் தண்ணீர் பாட்டில், எலுமிச்சைச் சாதம், சார்ஜர். குடியாத்தம், பள்ளிகொண்டா, வேலூர் என்று கல்லறைத் தோட்டம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போனார். நூறு வருடத்துக்கு முந்திய கல்லறைகளில் பாசியைச் சுரண்டிப் பெயர் படித்தார். இதில் இருந்த தவறு அவருக்கும் தெரியவில்லை, கேட்ட எனக்கும் தெரியவில்லை. பச்சையம்மாள் கிறிஸ்தவரே இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போன குடும்பம். இறந்தவர் என்றால் கல்லறைத் தோட்டம், சிலுவை, பெயர், ஒரு வசனம் என்றுதான் அவர்களுக்கு நினைக்க வரும். கிறிஸ்தவராக இல்லாத பாட்டியைக் கிறிஸ்தவக் கல்லறைகளில் மாதக்கணக்காகத் தேடினார்.

முதல் போன் பள்ளிகொண்டாவிலிருந்து வந்தது.

“தம்பி கெமிஸ்ட்ரி, அறுபது கிலோமீட்டர்னு சொன்னியே, அது எந்த ஊரு கிலோமீட்டர்?”

“நின்னுடுச்சா மேடம்?”

“நிக்கல. படுத்துடுச்சு.”

நான் பைக்கில் போய்ப் பார்த்தேன். மேடு பள்ளமான ரோட்டில் அந்த வண்டி நாற்பது போனாலே பெரிது. என்ன செய்யலாம் என்று இருவரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, எதிர் வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, “பிளக்கு வேணும்னா இங்க இருக்குது, போட்டுக்கோங்க” என்றார். அன்றிலிருந்து அதுவே எப்சி அக்காவின் வழியாயிற்று. பேட்டரி குறையும்போது எந்த ஊரோ, எந்தத் தெருவோ, முதலில் தெரிகிற வீட்டில் போய்க் கரண்ட் கேட்பார்.

“தண்ணி கேட்டா ரெண்டு நிமிஷத்துல அனுப்பிடுவாங்க தம்பி. கரண்ட் கேட்டுப் பாரு. மூணு மணி நேரம் உக்கார வெச்சுப் பேசுவாங்க. நீ யாரு, எந்த ஊரு, எத்தினி புள்ளைங்க, ஏன் ஒத்தையா சுத்தறே... போலீஸ்கூட அவ்ளோ கேக்காது.”

பேசி முடித்தும் பேட்டரி நிரம்பாவிட்டால் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். பள்ளிகொண்டாவில் பெருமாள் படுத்திருக்கும் கோயிலின் மதிலைச் சுற்றினார். ஆம்பூர் துருகம் மலையின் அடிவாரம்வரை போய், மேலே கோட்டைச் சுவர் தெரிகிறதா என்று அண்ணாந்து பார்த்தார். வேலூர்க் கோட்டையை அதுவரை பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்தவர், வண்டியை ஒரு பழக்கடையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு அகழியோரமாக நடந்திருக்கிறார். சுவரில் கல்லும் கல்லும் சேரும் இடத்தை விரலால் நீவிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

“ஒரு இடத்துலகூட பிசிறு இல்ல தம்பி. இதைக் கட்டினவன் நம்ம கம்பெனில செக்கிங்ல இருந்திருக்கணும்.”

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இதையெல்லாம் நசீமுன்னிசாவிடம் சொல்வார். நசீமுன்னிசா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “செத்துப்போன பாட்டியைத் தேடறேன்னு ஊரு சுத்தறே. நல்ல சாக்குடி. எனக்கும் ஒரு பாட்டி இருக்கா, அவளையும் தேடித் தர்றியா?” என்பார்.

ஏப்ரல் கடைசியில் கெசியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். ஒரு மாதம் எப்சி அக்கா எங்கும் போகவில்லை. பிறகு, கல்லறைத் தோட்டங்கள் எல்லாம் தீர்ந்துபோனதால், மாதனூரிலிருந்து ஒடுகத்தூர் போகிற ரோட்டில் ஏரிக்கரை உள்ள ஊர்களாகப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த வருடம் மின்வெட்டு எப்படி இருந்தது என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. செப்டம்பரில் ஒரு ஞாயிறு, கூத்தனேரி என்ற ஊரில் வண்டி நின்றுவிட்டது. ரோட்டை ஒட்டி ஒரு வேர்க்கடலைக் கொல்லை, ஒரு பம்ப்செட் கொட்டகை. கொல்லைக்காரர் சுந்தரமூர்த்தி, “போட்டுக்கோங்க, அதுக்கென்ன” என்று பிளக்கைக் காட்டினார். சார்ஜர் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஐந்து நிமிடத்தில் அணைந்தது.

“போய்ட்டான்” என்றார் சுந்தரமூர்த்தி. “இனிமே எப்ப வருவானோ. வூட்டுக்கு வந்து உக்காருங்க.”

அவருடைய மனைவி ராஜம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எப்சி அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். விசாரணை ஆரம்பமானது.

“கல்லறையைத் தேடறீங்க, சரி. அந்தம்மா எப்பிடி செத்தாங்க?”

“வயித்துல புள்ளையோட.”

ராஜம்மாளின் கை நின்றது. “அட இன்னாக்கா நீங்க! வயித்துல புள்ளையோட போனவளுக்கு யாரு கல்லறை கட்டறா? சுமைதாங்கி இல்ல வெப்பாங்க!”

“சுமைதாங்கியா?”

“ஆமா. அவதான் தன் சுமையை இறக்கி வெக்காமலே போய்ட்டா. வழில போறவங்க சுமையாவது அவ பேருல இறங்கட்டும்னு வெக்கறது. உங்க ஆளுங்க சொல்லலியா?”

சுமைதாங்கியை எங்கள் பக்கத்தில் பார்க்காதவர் இல்லை. ரோட்டோரம் மார்பு உயரத்தில் இரண்டு கற்கால்கள், அவற்றின் மேல் குறுக்கே ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் மூட்டையை அதன் மேல் தள்ளி வைத்து இளைப்பாறலாம். மறுபடியும் அப்படியே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். எப்சி அக்காவும் அதே ரோட்டில் அப்படிப்பட்ட கற்களில் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டிருக்கிறார். ஒருத்தியின் பெயரில் வைத்தது என்று நினைத்ததே இல்லை.

“உங்க ஊர்ல இருக்குதா?”

“ஏரிக்கரை ரோட்டுல இருந்துச்சு. ரோட்டை அகலம் பண்றோம்னு போன வாரம்தான் ஜேசிபி வெச்சுப் புடுங்கிட்டாங்க. அந்த வழியில இருந்த எல்லாத்தையும் பாலத்துகிட்ட கொட்டி வெச்சிருக்கான். நாளைக்குப் பாலத்து அஸ்திவாரத்துல போடப் போறான்.”

எப்சி அக்கா கையைக்கூடக் கழுவாமல் எழுந்துவிட்டார். வண்டியில் சார்ஜ் இல்லை. இரண்டு பெண்களும் நடந்தே போனார்கள்.

ஏரிக்கரை முடியும் இடத்தில் சிறுபாலம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஜல்லிக் குவியல், மணல் குவியல், கற்குவியல். பலகைக்கற்கள் மட்டும் நாலைந்து இருந்தன. சிலவற்றில் எழுத்தே இல்லை. சிலவற்றில் ஏதோ இருந்தது, படிக்க முடியவில்லை. ராஜம்மாள் இடுப்பிலிருந்த சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து, தண்ணீரில் குழைத்து, ஒவ்வொரு கல்லிலும் பூசித் துணியால் துடைத்தார். பள்ளத்தில் தங்கிய சுண்ணாம்பு எழுத்தாக எழுந்து வந்தது. கடைசிக்கு முந்திய கல்லில் எப்சி அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

விளம்பி வருஷம். கன்னியப்பன் பெண்ஜாதி பச்சையம்மாள்.

எனக்குப் போன் வந்தபோது மணி என்னவென்று கவனிக்கவில்லை. “தம்பி, எங்க பாட்டி கெடைச்சுட்டாங்க. எங்க அண்ணனை உன் பைக்ல கூட்டிகினு வா” என்றார். குரலில் அழுகை இல்லை. கம்பெனியில் நல்ல ஜோடி அமைந்துவிட்டதாகச் சொல்வது போலத்தான் இருந்தது.

கிருபானந்தத்தை ஏற்றிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது பாலத்தருகே பாதி ஊர் கூடியிருந்தது. கிருபானந்தம் கல்லின் அருகே குந்தி உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு தடவை படித்தார். பிறகு நிமிர்ந்து, “பாஸ்டர்கிட்ட பேசிடறேன். நம்ம குடும்பக் கல்லறை பக்கத்துலயே நட்டு, ஒரு சிலுவை வெச்சுடலாம்” என்றார்.

சுந்தரமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டார். “வாத்தியாரே, தப்பா நெனைக்காதீங்க. உங்க வூட்டுப் பொம்பளைதான், இல்லேன்னு சொல்லல. ஆனா நூறு வருஷமா இந்த ஊரு சுமையைத் தாங்கின கல்லு. சுமை எறங்காத எடத்துல வெக்கறதுன்னா நாங்க குடுக்க மாட்டோம்.”

“கல்லறைத் தோட்டத்துக்கு என்ன குறை?”

“அங்க சுமையோட வர்றது சவப்பெட்டி மட்டும்தானே” என்றார் ராஜம்மாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கிருபானந்தம் சிரிக்கவில்லை.

சைட் சூப்பர்வைசர் பொறுமையிழந்தார். “ஒரு முடிவுக்கு வாங்கம்மா. காலைல கான்கிரீட் போடணும். எடுக்கறதா இருந்தா இப்பவே எடுங்க. இல்லேன்னா உள்ள போய்டும்.”

கிருபானந்தம் தங்கையைத் தனியே அழைத்தார். தனியே என்றாலும் நான் நின்ற இடத்துக்குக் கேட்டது.

“எப்சி, நான் சொன்னது கல்லறை. இது கல்லறை இல்ல. தோட்டத்துல வெச்சா அதுவும் கல்லறை ஆயிடும். நானும் சொன்ன வார்த்தைப்படி படிச்சுடுவேன். நீதானே ஆசைப்பட்டே?”

அத்தனை மாதம் அவர் அலைந்தது முழுக்க அந்த வார்த்தைக்காகத்தான். சரி என்றால் போதும். ஊர்க்காரர்களைச் சமாதானம் செய்துவிடலாம்; அண்ணன் டிசம்பரில் பெயரைப் படித்துவிடுவார். எப்சி அக்கா ரோட்டைப் பார்த்தார். ரோடு வேலை செய்யும் பெண்கள் ஜல்லிக் கூடைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கூடையை அந்தக் கற்குவியலின் மேல் வைத்து மூச்சு வாங்கினாள்.

“வேணாம்ணா” என்றார். “நீ படிக்காட்டியும் பரவால்ல. இது நிக்க வேண்டிய எடம் வேற.”

“எங்க?”

“எங்க கம்பெனி பஸ் ஸ்டாப்ல.”

“ரோட்டுலயா? மஞ்சள் குங்குமம் வெச்சுக் கும்புட ஆரம்பிச்சுடுவாங்க!”

“கும்புடட்டும். பையை வெக்க எடம் இருந்தா சரி.”

கிருபானந்தம் என் பைக் அருகே போய் நின்றுகொண்டார்.

எப்சி அக்கா சுந்தரமூர்த்தி பக்கம் திரும்பினார். “தெனம் ஷிப்ட் வுடற நேரத்துல அங்க நூத்துக்கணக்கா பொம்பளைங்க நிப்பாங்கண்ணா. சாப்பாட்டுப் பை, காய்கறிப் பை, ரேஷன் மூட்டை, இடுப்புல புள்ளை. கீழ வெக்கலாம்னா சேறு. மாசமா இருக்கறவளுங்களும் கைல புடிச்சிகினுதான் நிக்கறாளுங்க. அங்க வெச்சா எறங்குமா, எறங்காதா?”

சுந்தரமூர்த்தி யாரையும் கேட்கவில்லை. “என் டிராக்டர்ல ஏத்துங்க” என்றார்.

ஆனால் ஒரு சிக்கல். பெயர் எழுதிய பலகைக்கல் கிடைத்துவிட்டது. அதன் இரண்டு கால்கள் எவை? எல்லா ஊர்க் கால்களும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. “எந்தக் காலா இருந்தா இன்னாம்மா, எல்லாம் கல்லுதானே? நல்லதா ரெண்டு எடுத்துக்கோங்க” என்றார் சூப்பர்வைசர்.

“லெஃப்ட்டும் ரைட்டும் மாறிப் போச்சுன்னா மால் ரிட்டன் வந்துடும் சார்” என்று சொல்லிவிட்டு, எப்சி அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குவியலுக்குள் இறங்கினார். பலகைக்கல்லின் அடிப்பக்கத்தை முதலில் கையால் தடவினார். பிறகு ஒவ்வொரு காலாகத் தடவிக்கொண்டு வந்தார். உளி எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்திருக்கிறது, கல்லின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாராம். ஒரு கால் உடனே அகப்பட்டது. “இதுக்கு ஜோடி இங்கதான் எங்கியோ இருக்கணும்” என்று முணுமுணுத்துக்கொண்டே தேடினார். ஜேசிபி ஓட்டுநர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். இன்னொன்று குவியலின் அடியில் கிடந்தது. அவரே ஜேசிபியால் அதை அலுங்காமல் வெளியே எடுத்துக் கொடுத்தார். பலகைக்கல்லைத் தூக்கி மேலே வைத்துப் பார்த்தபோது, காலின் தலையில் இருந்த முளைகள் பலகையின் குழிகளில் போய் உட்கார்ந்தன. ஆடவில்லை.

“ஓகே, பாஸ்” என்றார் எப்சி அக்கா, கம்பெனியில் சரக்கைச் சோதித்துத் தேர்ச்சி போடும்போது சொல்வது போல.

அன்றிரவு கல் சுந்தரமூர்த்தியின் களத்தில் இருந்தது. வண்டி அவர் வீட்டில் சார்ஜில் இருந்தது. எப்சி அக்காவும் அங்கேயே தங்கிவிட்டார். காலையில் நான் மாதனூரில் போய்க் காத்திருந்தேன். முதலில் சத்தமே இல்லாமல் நீல நிற பேட்டரி வண்டி வந்தது. அதன் பின்னால், அதே வேகத்தில், டபடபவென்று டிராக்டர். டிரெய்லரில் வைக்கோல் மெத்தை போட்டுக் கல்லைப் படுக்க வைத்திருந்தார்கள். ராஜம்மாள் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. எப்சி அக்கா ஓரம் கட்டவில்லை. எந்த மந்திரியின் ஊர்வலத்திலும் நான் அப்படி ஒரு முன்வண்டியைப் பார்த்ததில்லை. டையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு நானும் பின்னால் போனேன்.

பஸ் ஸ்டாப்பை ஒட்டி டீக்கடை வைத்திருப்பவர் அப்துல் வஹீத், நசீமுன்னிசாவின் கொழுந்தனார். கடைக்கு முன்னால் இருக்கும் இடம் அவருடைய பட்டா நிலம்.

“அண்ணி சொல்லிட்டாங்க, வெச்சுக்கோங்க” என்றார். “பையை இறக்கி வெச்சவங்க சும்மாவா நிப்பாங்க, ஒரு டீ குடிப்பாங்க. எனக்கும் ஜாஸ்தி வியாபாரம்தானே.”

சாயங்காலம் ஷிப்ட் விடுவதற்குள் நட்டு முடித்தோம். கேட் திறந்தது. முதலில் வந்தவர் நசீமுன்னிசா. கல்லைச் சுற்றி வந்து பெயரைப் படித்தார். எப்சி அக்காவின் முகத்தைப் பார்த்தார். தன் சாப்பாட்டுப் பையைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். “அப்பாடா” என்றார். அடுத்து ஒருத்தி வைத்தாள். அதற்குப் பிறகு இடமில்லை.

கிருபானந்தம் வரவில்லை. அக்டோபர், நவம்பரிலும் வரவில்லை. தங்கையோடு பேச்சு நின்றுவிடவில்லை. ஆனால் கல்லைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எப்சி அக்கா கேட்கவும் இல்லை.

டிசம்பர் கடைசியில், ஜெபத்துக்கு வருகிறவர்களுக்கு விருந்து சமைக்க அரிசி வாங்கிக்கொண்டு கிருபானந்தம் அந்தப் பஸ் ஸ்டாப்பில் டவுன் பஸ்ஸுக்காக நின்றிருக்கிறார். இருபத்தைந்து கிலோ மூட்டை. ஆட்டோ எதுவும் கிடைக்கவில்லை. தோளில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம், இடுப்பில் கொஞ்ச நேரம். கடைசியில் திரும்பிப் பார்த்துவிட்டு, மூட்டையைக் கல்லின் மேல் சாய்த்தார். டீக்கடை பெஞ்சில் நசீமுன்னிசா இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

“இன்னா வாத்தியாரே, எப்பிடி இருக்குது எங்க கல்லு?”

அவர் தோளை நீவிக்கொண்டே நின்றாராம். பிறகு, “நல்லாத்தாம்மா தாங்குது” என்றாராம். பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில்தான் போனார்.

முப்பத்தொன்றாம் தேதி ஜெபத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கெசியா மடியில் எட்டு மாதக் குழந்தை. கிருபானந்தம் எழுந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். எப்சி அக்கா தலை குனிந்தபடி விரலில் முந்தானையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“பச்சையம்மாள்” என்று படித்தார் கிருபானந்தம்.

“ஸ்தோத்திரம்” என்று சொல்ல எல்லோருக்கும் ஒரு வினாடி பிந்தியது. குழந்தை மட்டும் சரியான நேரத்தில் ஏதோ சத்தம் எழுப்பியது. அதற்குப் பிறகுதான் ஞானமுத்துவின் பெயர் வந்தது.

கல்லில் மஞ்சள் குங்குமம் வைக்கிறார்கள், அண்ணன் பயந்ததுபோலவே. வெள்ளிக்கிழமைகளில் யாரோ ஒரு முழம் பூவும் வைக்கிறார்கள். தன் பை அவற்றின் மேல் பட்டுவிடாதபடி எப்சி அக்கா ஓரமாக வைக்கிறார். நான் ஷோரூம் வேலையை விட்டு வாலாஜா பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேப் வேலைக்குப் போய்விட்டேன். ஆம்பூர் வழியாகப் போகும்போதெல்லாம் இறங்கி ஒரு டீ குடிக்கிறேன். கூட யாராவது வந்தால், இந்தக் கல் இங்கே எப்படி வந்தது தெரியுமா என்று நானே ஆரம்பித்துவிடுகிறேன்.

2009 நடந்துகொண்டிருக்கிறது. எப்சி அக்கா அதே கம்பெனியில், அதே மேசையில் ஜோடி பார்க்கிறார். வண்டிக்குப் புது பேட்டரி போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நசீமுன்னிசாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, அவருடைய பாட்டி பிறந்ததாகச் சொல்லப்படும் இடத்தைத் தேடிப் பேரணாம்பட்டுப் பக்கம் போய்வருகிறார்.